ஏரிக்கரைப் பத்திரிகைகளும் நாமும்

பத்திரிகைச் சுதந்திரத்தின் பெயரால் ஓர் அரசாங்கமே கவிழ்ந்த நாடு நமது நாடு. 1964ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 3ஆந் திகதி, சிம்மாசனப் பிரசங்கத்தின்மீது நடைபெற்ற வாக்கெடுப்பிலே ஸ்ரீமாவோ பண்டாரநாயக்காவின் அரசாங்கம் தோல்வி கண்டது. எதிராக 74 வாக்குகள், ஆதரவாக 73. அமைச்சரவையின் மூத்த உறுப்பினரான சி. பி. டி சில்வா, பதின்மூன்று பேரை உடனழைத்துக்கொண்டு எதிர்க்கட்சி வரிசையிற் சென்றமர்ந்தமையே அத்தோல்விக்குக் காரணமாயிற்று. 'ஏரிக்கரை' என்று நம்மவர் வழங்கும் லேக் ஹவுஸ் நிறுவனத்தை அரசு கையேற்பதற்கான மசோதா சனநாயகத்துக்கு உலைவைப்பது என்பதே அவர்களது வாதம். ஒன்பது ஆண்டுகள் கழிந்தபின், 1973இல், அந்நிறுவனம் சட்டத்தின் மூலம் கைமாறியது. மேலும் நான்கு ஆண்டுகள் கழிந்தபின், கையேற்பை முழுமூச்சுடன் எதிர்த்த கட்சி 168 ஆசனங்களில் 140ஐக் கைப்பற்றி ஆட்சிபீடம் ஏறியது. எந்தச் சட்டத்தையும் நினைத்தவுடன் நீக்கிவிடும் பலம் அதற்கிருந்தது. அந்தச் சட்டத்தை அது நீக்கவில்லை. பின்வந்தோர் எவரும் நீக்கவில்லை.

இவ்வரலாற்றிலே ஏமாற்றியவர் யாவர், ஏமாந்தவர் யாவர் என்ற வினாவை எழுப்பும்பொழுது பிறரைச் சுட்டிக்காட்டுவது எளிது. ஆட்சியாளரை வைதுவிட்டு நாம் கைகழுவிக் கொள்ளலாம். ஆனால் கலையும் எழுத்தும் உழைக்கும் மக்களின் பக்கம் நிற்கவேண்டும் என்று கூறிவரும் நம் போன்றோருக்கு இவ்விடயத்தில் அவ்வளவு சுலபமான விடுதலை இல்லை. ஏரிக்கரையின் ஏகபோகம் ஒழிக என்று மேடைகளில் முழங்கியவர்கள் நம்மவரே. 1973ஆம் ஆண்டுச் சட்டத்தைக் கைதட்டி வரவேற்றவர்களும் நம்மவரே. ஆகவே விசாரணையை நம்மிடமிருந்தே தொடங்குவோம்.

முதலிலே, நாம் எதிர்த்தது எதனை? டி. ஆர். விஜேவர்த்தன சாதாரணமான வியாபாரியல்லர். 1914இல் 'தினமின' பத்திரிகையை வாங்கினார். 1918 ஜனவரியில் 'டெய்லி நியூஸ்' நாளிதழைத் தொடங்கினார். 1923இல் பழைய 'ஒப்சேவர்' அவர் கைக்கு வந்தது. 1932இல் 'தினகரன்' பிறந்தது. வெள்ளைத் தோட்டத்துரைமாரின் குரலே பத்திரிகையுலகில் ஓங்கியிருந்த காலத்தில், சுதேசிகளின் அரசியற் கோரிக்கைகளுக்கு அச்சுயந்திரத்தின் பலத்தைத் தந்தவர் அவர். இதனை மறுப்பது வரலாற்றை மறுப்பதாகும். ஆனால் அந்தச் சுதேசிகள் யாவர் என்பதே கேள்வி. நிலமும் காரீயச் சுரங்கமும் சட்டத்தொழிலும் உடைய ஒரு வர்க்கத்தாரின் அபிலாஷைகள் 'தேசத்தின் அபிலாஷைகள்' என்ற பெயரில் நாள்தோறும் காலைத் தேநீருடன் வீடுகளுக்கு விநியோகிக்கப்பட்டன. அவருக்குப்பின் நிர்வாகத்தை நடத்தியவர் மருமகனான எஸ்மண்ட் விக்கிரமசிங்க. ஐக்கிய தேசியக் கட்சியின் தலைவர்களுள் ஒருவரான ஜே. ஆர். ஜயவர்த்தனவின் தாயார் விஜேவர்த்தனவின் உடன்பிறந்தவர். கட்சி எது, குடும்பம் எது, பத்திரிகை எது என்று பிரித்தறிய முடியாதபடி மூன்றும் பின்னிக் கிடந்தன. இடதுசாரி இயக்கத்தை அந்தப் பத்திரிகைகள் அதன் பிறப்பிலிருந்தே பகைத்தன. வேலைநிறுத்தம் என்றாற் குழப்பம், தொழிற்சங்கம் என்றாற் சதி. பத்திரிகைச் சுதந்திரம் என்பது பத்திரிகை வைத்திருப்பவனின் சுதந்திரமே என்று நம்மவர் அன்று சொன்னதிற் பிழையில்லை. இன்றும் அதிற் பிழையில்லை.

இன்னுமொரு குற்றச்சாட்டு உண்டு. அதனை நம்மவர் போதிய அளவு எழுப்பவில்லை. ஒரே கட்டிடத்தில், ஒரே முதலாளியின் கீழ், மூன்று மொழிகளிற் பத்திரிகைகள் வெளிவந்தன. மொழிகளுக்கிடையே பாலமிடுவதற்கு இதனிலும் சிறந்த வாய்ப்பு எந்நாட்டில் எவருக்குக் கிடைத்திருக்கும்? ஆயினும் நடந்தது யாது? சிங்கள வாசகனுக்கு ஒரு நாடு காட்டப்பட்டது. தமிழ் வாசகனுக்கு வேறொரு நாடு. ஆங்கிலம் படிப்போனுக்கு இவ்விரண்டுக்கும் மேலே மிதக்கும் மூன்றாவது நாடு. ஒவ்வொரு வாசகனிடமும் அவன் ஏற்கெனவே நம்புவதையே திரும்பச் சொன்னாற் பிரதி விற்கும் என்பது வியாபார சூத்திரம். 1956க்குப் பின் இந்தச் சூத்திரம் எத்தகைய விளைவை ஈட்டித் தந்தது என்பதை நாம் அறிவோம்.

இவ்வளவும் உண்மையாயின், இன்னோர் உண்மையையும் அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தேயாக வேண்டும். அது நமக்குச் சங்கடமானது. ஈழத்துத் தமிழிலக்கியத்தில் முற்போக்கு இயக்கம் வேரூன்றிய கதையை எழுதப் புகுவோர் எவரும் ஏரிக்கரையைச் சுற்றிச் செல்ல முடியாது. இலங்கை முற்போக்கு எழுத்தாளர் சங்கம் 1954இல் தோன்றியது. பேராதனையிற் பட்டம் பெற்று வெளிவந்த க. கைலாசபதி தினகரனிற் சேர்ந்து 1959இல் அதன் ஆசிரியரானார். அவரது காலத்திலேதான் கிராமத்து விவசாயியும் சாதியின் பெயரால் ஒடுக்கப்பட்டவனும் தமிழ் நாளிதழின் பக்கங்களிலே கதாபாத்திரங்களாக நடமாடத் தொடங்கினர். இளங்கீரனின் நாவல் அங்கே தொடராக வந்தது. மண்வாசனை என்றும் தேசிய இலக்கியம் என்றும் நாம் பெருமையுடன் பேசும் விவாதங்களுக்கு மேடையாக இருந்தது நாம் ஒழியவேண்டுமென்று கூறிய அதே ஏகபோக நிறுவனத்தின் பத்திரிகை! நமது சொந்தச் சஞ்சிகைகள் சில நூறு பேரையே சென்றடைந்த காலத்தில், தினகரன் பல்லாயிரம் பேரிடம் நம்மைக் கொண்டு சென்றது.

இது எவ்வாறு இயன்றது? முதலாளி திடீரென்று முற்போக்காளனாகிவிட்டானா? இல்லை. தமிழ்ப் பத்திரிகையின் ஞாயிறு இலக்கியப் பக்கத்தில் என்ன அச்சாகிறது என்பதில் முதலாளிக்கு அக்கறையில்லை. பிரதி விற்கிறதா, விளம்பரம் வருகிறதா என்பதே அவன் கணக்கு. அந்த அலட்சியமே ஓர் இடைவெளியாயிற்று. துணிவும் அறிவும் படைத்த ஓர் ஆசிரியர் அந்த இடைவெளியில் நின்று தமக்குச் சரியெனப்பட்டதைச் செய்தார். ஒப்சேவர் ஆசிரியராயிருந்த டாசி விட்டாச்சியையும் இங்கே நினைவுகூரலாம். 1958 கலவரத்தின்போது தணிக்கையின் கீழ் எழுத இயலாதிருந்ததை அவர் நூலாக எழுதி இலண்டனில் வெளியிட்டார். அவரும் ஏரிக்கரையிற் பணிபுரிந்தவர்தாம். முதலாளியின் நலன் ஒன்று. ஆசிரியனின் மனச்சாட்சி இன்னொன்று. இரண்டுக்குமிடையிலே எவ்வளவு தூரம் இருக்கிறதோ அவ்வளவு தூரந்தான் செய்தி மூச்சுவிடும். முதலாளியை மாற்றுவதில் முனைப்பாயிருந்த நாம், இந்தத் தூரத்தை அளந்து பார்க்கவில்லை. நமது தவறு இங்கேதான் தொடங்கியது.

1973ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தை இன்று எடுத்து நிதானமாக வாசிப்போர் வியப்படைவர். பத்திரிகையை அரசாங்கம் எடுத்துக்கொள்ள வேண்டுமென்று அது சொல்லவில்லை. கம்பனியின் பங்குகளை ஒரு குடும்பத்தின் பிடியிலிருந்து விடுவித்து, பரந்த பொதுமக்களிடம் பகிர்ந்தளிப்பதே அதன் நோக்கமாகக் கூறப்பட்டது. நூற்றுக்கு 75 வீதமான பங்குகள் பொது நம்பிக்கைப் பொறுப்பாளரிடம் ஒப்படைக்கப்பட்டன. பழைய உடைமையாளரிடம் எஞ்சியது 25 வீதம். பங்குகள் மக்களிடம் போய்ச் சேரும்வரையிலே, நிர்வாகத்தை நடத்துவதற்குப் பணிப்பாளர்கள் நியமிக்கப்படுவர். இந்த 'வரையில்' என்ற சொல்லிலேதான் எல்லாம் அடங்கியிருக்கிறது. தற்காலிகமாகக் கட்டப்பட்ட பந்தலில் அரை நூற்றாண்டுக்கு மேலாகக் குடித்தனம் நடக்கிறது. பகிர்ந்தளிப்பு என்ற ஒரு வாசகத்துக்காகவே நாம் அச்சட்டத்தை வரவேற்றோம். சட்டத்தில் நிறைவேறாது போனதும் அந்த ஒரு வாசகமே. நியமனம் மாத்திரம் நிறைவேறியது. அமைச்சரின் விருப்பத்துக்குரியவர் தலைவராகவும், அவர் விருப்பத்துக்குரியவர் ஆசிரியராகவும் வந்தமர்ந்தனர்.

அதே ஆண்டிலே இன்னொரு சட்டம், 5ஆம் இலக்கச் சட்டம், முன்னரே நிறைவேறியிருந்தது: பத்திரிகைச் சபைச் சட்டம். அமைச்சரவைக் கூட்டத்தில் நடந்ததை அனுமதியின்றி வெளியிடலாகாது. அமைச்சரவைப் பத்திரங்களை வெளியிடலாகாது. அரசு ஆலோசித்துக் கொண்டிருக்கும் நாணய, வரி, இறக்குமதி நடவடிக்கைகளைப் பற்றித் தட்டுப்பாடோ கொள்ளை இலாபமோ ஏற்படக்கூடியவாறு எழுதலாகாது. பத்திரிகையின் பங்கு மக்களுக்குரியது என்ற சட்டமும், மக்களின் அமைச்சர்கள் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்பது மக்களுக்குத் தெரியக்கூடாது என்ற சட்டமும் ஒரே பாராளுமன்றத்தில் ஒரே ஆண்டிற் பிறந்தன. இரண்டையும் அருகருகே வைத்துப் படித்திருந்தால், முதலாவது சட்டத்தின் உண்மையான பொருள் இரண்டாவதில் எழுதப்பட்டிருப்பதை நாம் கண்டிருப்போம். படிக்கவில்லை. படித்தவரும் பேசவில்லை.

1974 ஏப்ரலில் அவசரகாலச் சட்டத்தின் கீழ் தவச நிறுவனத்தின் அச்சகத்துக்கு முத்திரையிடப்பட்டது. தமிழில் 'தினபதி'யும் 'சிந்தாமணி'யும் அங்கிருந்தே வெளிவந்து கொண்டிருந்தன. ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் அந்தப் பூட்டுத் திறக்கப்படவில்லை. தினபதி நம்மவர் விரும்பிப் படித்த பத்திரிகையன்று. அதன் அரசியல் நமக்கு உடன்பாடானதுமன்று. ஆகவே நாம் மௌனமாயிருந்தோம். அந்த மௌனத்துக்குப் பல காரணங்கள் கற்பிக்கப்பட்டன: பிற்போக்குச் சக்திகள் அரசாங்கத்தைக் கவிழ்க்கக் காத்திருக்கின்றன, நாடு பொருளாதார நெருக்கடியில் இருக்கிறது, இது தருணமல்ல. தருணம் ஒருநாளும் வருவதில்லை என்பதை இன்று அறிந்திருக்கிறோம். அச்சகத்துக்குப் பூட்டு விழும்போது முதலிற் பட்டினி கிடப்பவன் பத்திராதிபரல்லன்; எழுத்துக் கோப்பவனும் பத்திரிகை கட்டுபவனுமே. தொழிலாளி வர்க்கத்தின் பெயராற் பேசியவர்களுக்கு இதுகூடத் தோன்றாமற் போயிற்று.

பின்னர் நடந்தவற்றை விரித்துரைக்கத் தேவையில்லை. 1975 செப்டெம்பரில் சமசமாஜக் கட்சி கூட்டரசாங்கத்திலிருந்து வெளியேற்றப்பட்டது. கையேற்புக்காகப் பாராளுமன்றத்திலே கை தூக்கியவர்கள் இரண்டே ஆண்டுகளில் அந்தப் பத்திரிகைகளுக்கு வெளியே நின்றனர். 1977இல் இடதுசாரிக் கட்சிகள் இரண்டுக்கும் ஓர் ஆசனந்தானும் கிடைக்கவில்லை. ஏரிக்கரை, மாமனார் நிறுவிய மாளிகை, இப்போது பங்கு எதுவும் வாங்காமலே மருமகனின் அரசாங்கத்திடம் வந்து சேர்ந்தது. அன்று குடும்பத்தின் பத்திரிகையாக இருந்தபோது, குறைந்தபட்சம், அது தன் செலவைத் தானே பார்த்துக்கொண்டு கட்சிக்கு ஊழியம் செய்தது! அதே 1977இலே 'டைம்ஸ்' நிறுவனமும் கையேற்கப்பட்டது. பத்திரிகைச் சுதந்திரத்துக்காகக் கண்ணீர் வடித்தவர்கள் கைக்கு வந்தபின் அந்தக் கண்ணீர் காய்ந்த வேகத்தைப் பார்த்து நாம் நகைக்கலாம். ஆனால் 1982 டிசம்பரை நினைத்தால் நகைப்பு வாராது. பாராளுமன்றத்தின் ஆயுளைத் தேர்தலின்றியே ஆறாண்டு நீட்டிக்கலாமா என்று கேட்டுச் சர்வசன வாக்கெடுப்பு நடந்தது. சம்மதத்துக்கு விளக்கு, மறுப்புக்குக் குடம். ஏரிக்கரைப் பத்திரிகைகள் விளக்கைத் தூக்கிப் பிடித்தன. கம்யூனிஸ்ட் கட்சியின் 'அத்த' பத்திரிகை அச்சான அச்சகத்துக்கு அவசரகாலச் சட்டத்தின் கீழ் முத்திரை விழுந்தது. 1974இல் நமக்குப் பிடிக்காத பத்திரிகைக்குப் போடப்பட்ட பூட்டும், 1982இல் நமது பத்திரிகைக்குப் போடப்பட்ட பூட்டும் ஒரே கொல்லன் செய்தவை.

எதிர்க்கட்சியிலிருக்கும்போது ஏரிக்கரையை விடுவிப்போம் என்பதும், ஆட்சிக்கு வந்ததும் அதன் கதவுச் சாவியை மடியில் முடிந்துகொள்வதும் வழக்கமாகிவிட்டன. 1996இல் ஆர். கே. டபிள்யூ. குணசேகர தலைமையிலான குழு ஊடகச் சட்டங்களைச் சீர்திருத்தும் வழிவகைகளை விரிவாக எடுத்துரைத்தது. அவ்வறிக்கையின் பெரும்பகுதி அலுமாரியில் உறங்கிற்று. 2002இல் குற்றவியல் அவதூறுச் சட்டம் நீக்கப்பட்டதையும், 2016இல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்ததையும் நாம் குறைத்து மதிப்பிடவில்லை. அவை போராடிப் பெற்றவை. ஆனால் 2010 சனாதிபதித் தேர்தலிலே, அரச ஊடகங்கள் தமது வழிகாட்டல்களைப் பொருட்படுத்தவில்லை என்று தேர்தல் ஆணையாளரே பகிரங்கமாக மனம் நொந்து கூறினார். 2024இல் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் நிறைவேறியபோது சனாதிபதியாக இருந்தவர் ரணில் விக்கிரமசிங்க, விஜேவர்த்தனவின் மகள்வழிப் பேரன். பொதுமக்கள் பரிமாறிக்கொள்ளும் கூற்றுகளில் எது பொய் என்று தீர்மானிக்க ஓர் ஆணைக்குழுவை அச்சட்டம் அமைத்தது. பாட்டனாரின் சொத்தை மீட்டு மக்களுக்குக் கொடுப்பதற்கு அவருக்குப் பலமுறை வாய்ப்பு வந்தது. அவர் செய்தது இது.

இவையெல்லாம் கொழும்பின் கதை. வடக்கில் உடைமையைப் பற்றிய விவாதத்துக்கே இடமிருக்கவில்லை. அங்கே பத்திரிகையைக் கையேற்பதற்குச் சட்டம் தேவைப்படவில்லை; தீக்குச்சி போதுமாயிருந்தது. கொழும்பை நம்பியிராமல் யாழ்ப்பாணத்திலிருந்தே ஒரு தினசரி வரவேண்டும் என்ற எண்ணத்தில் 1959இல் தோன்றியது 'ஈழநாடு'. 1981இல் மே மாதம் முடிந்து ஜூன் பிறந்த அந்த இரவுகளிலே, பொதுசன நூலகத்தை எரித்த கைகள் ஈழநாடு அலுவலகத்தையும் எரித்தன. நூலகத்தைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம், பேசவேண்டியதே. பத்திரிகை அலுவலகம் எரிந்தது ஒரு துணைச் செய்தியாகச் சுருங்கிவிட்டது. ஆனால் நூலகத்தில் எரிந்தது சேர்த்துவைத்த அறிவு. பத்திரிகை அலுவலகத்தில் எரிந்தது, நூலகம் எரிந்தது என்று மறுநாட்காலை சொல்லவேண்டிய வாய்.

2000 ஒக்டோபரில் மயில்வாகனம் நிமலராஜன் யாழ்ப்பாணத்தில் தம் வீட்டிலேயே கொல்லப்பட்டார். 2006 மே 2ஆந் திகதி இரவு 'உதயன்' அலுவலகத்துக்குள் ஆயுதங்களுடன் புகுந்தோர் ஊழியர் இருவரைச் சுட்டுக் கொன்றனர். மறுநாள் உலகப் பத்திரிகைச் சுதந்திர தினம். அவ்வாண்டு அதற்கான சர்வதேச வைபவம் கொழும்பிலேயே நடைபெற்றது. ஜே. எஸ். திசைநாயகம் தாம் எழுதிய கட்டுரைகளுக்காகப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் 2009 ஆகஸ்டில் இருபதாண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். அடுத்த ஆண்டு மன்னிப்பளிக்கப்பட்டது. எழுதியது குற்றமென்ற தீர்ப்பு ஏட்டில் எழுதப்பட்டாயிற்று. சிங்களப் பத்திரிகையாளருக்கும் விலக்கிருக்கவில்லை: 2009 ஜனவரி 8ஆந் திகதி லசந்த விக்கிரமதுங்க பட்டப்பகலிற் கொல்லப்பட்டார், 2010 ஜனவரியிற் காணாமற்போன பிரகீத் எக்னெலிகொட திரும்பி வரவேயில்லை. நேர்மையாகக் கூறவேண்டுமாயின் இன்னொன்றையும் சேர்த்துக் கூறவேண்டும். விடுதலையின் பெயரால் ஆயுதமேந்திய நம் இளைஞரின் இயக்கங்களும் மாற்றுக் கருத்தை அச்சிட்டவனைச் சகோதரனாகக் கருதவில்லை. அரசாங்கத்தின் தணிக்கையைக் கண்டித்து எழுதிய பேனாக்களுள் எத்தனை, தமக்கு அண்மையிலிருந்த துப்பாக்கியைக் கண்டு மையுலர்ந்தன என்பதை அக்காலத்தை அறிந்தோர் அறிவர்.

இந்த அச்சம் தமிழ்ப் பத்திரிகை மொழியிலே எப்படிப் படிந்திருக்கிறது என்பது தனியாக ஆராயத்தக்கது. 'இனந்தெரியாதோர்' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். 'இனந்தெரியாத நபர்கள்', 'இனந்தெரியாத ஆயுததாரிகள்' என்றவாறெல்லாம் முப்பது ஆண்டுக்கு மேலாக நம் நாளிதழ்களின் முதற்பக்கத்தில் இச்சொல் குடியிருந்தது. இலக்கணப்படி இதன் பொருள், இன்னாரென்று அடையாளங் காணப்படாதவர். நடைமுறையில் இதன் பொருள் நேர்மாறானது: எல்லோருக்கும் தெரிந்தவர், ஆனாற் பெயர் சொல்லமுடியாதவர். நிருபருக்குத் தெரியும்; ஆசிரியருக்குத் தெரியும்; சந்தியிலே தேநீர்க்கடையில் பத்திரிகையை உரத்து வாசிப்பவருக்கும், கேட்டுக்கொண்டிருப்பவருக்கும் தெரியும். செய்தி நடந்த இடத்தையும் நேரத்தையும் கொண்டு வாசகன் அந்தச் சொல்லின் இடத்திலே உரிய பெயரை மனதுக்குள் இட்டு நிரப்பிக்கொண்டான். எழுதுபவனும் வாசிப்பவனும் சேர்ந்து உயிரைக் காப்பாற்றிக்கொள்வதற்கு ஏற்படுத்திக்கொண்ட உடன்படிக்கை அது. அதனைக் கோழைத்தனம் என்று தொலைவிலிருந்து இகழ்வோருடன் நாம் உடன்படோம். ஆயின் அச்சொல்லுக்கு இன்னொரு பயனும் இருந்தது. கொன்றவர்களுக்கும் அது வசதியாயிற்று. கொழும்பிலே அறிக்கை எழுதுவோரும் அதே சொல்லைப் பயன்படுத்தினர். அச்சத்தினாற் சொல்லாதவனும், குற்றத்தை மறைக்கச் சொல்லாதவனும் ஒரே சொல்லுக்குள் ஒதுங்கினர். அபயத்துக்காகக் கட்டிய குடிசையிற் கொலைகாரனும் வந்து படுத்துக்கொண்டான்.

செயப்பாட்டு வினையின் பெருக்கத்தையும் இவ்வாறே நோக்கலாம். 'கடத்தப்பட்டார்', 'கொல்லப்பட்டார்', 'காணாமலாக்கப்பட்டார்', 'தெரிவிக்கப்படுகிறது', 'நம்பப்படுகிறது'. பேச்சுத்தமிழ் செயப்பாட்டு வினையை அதிகம் விரும்புவதில்லை, 'ஆர் செய்தது?' என்பதே நம் ஊரில் முதற் கேள்வி. அந்தக் கேள்விக்கு விடையில்லாத வாக்கியம் நம் செய்தித்தாளின் இயல்பான வாக்கியமாகிவிட்டது. போர் முடிந்து ஆண்டுகள் பல சென்றபின்னும், வீதி விபத்தையும் பாடசாலை விளையாட்டுப் போட்டியையுங்கூட இந்த நடையிலேதான் எழுதுகின்றனர். இளம் நிருபர்கள் இதனைத் தமிழ் நடையென்றே கற்றுக்கொள்கின்றனர். அவர்களைக் குறைகூறுவது நம் நோக்கமன்று.

தென்னிலங்கையிலோ போர்க்காலச் செய்தி வேறொரு நோயினாற் பீடிக்கப்பட்டது. 1998 ஜூனில் இராணுவச் செய்திகளுக்குத் தணிக்கை வந்தது. போர்க்களத்துக்கு நிருபர் செல்ல அனுமதியில்லை. தலைமையகம் தந்த அறிக்கையே செய்தியாயிற்று. அதனைத் தமிழாக்கி வெளியிடும் வேலை தினகரனில் இருந்த தமிழ்ப் பத்திரிகையாளருக்கு வாய்த்தது. தன் உறவினர் வாழும் ஊரின்மீது குண்டு விழுந்த செய்தியை, அங்கே பொதுமக்கள் எவருமில்லை என்ற வாசகத்துடன் மொழிபெயர்க்க நேர்ந்தவனின் மனநிலையை எந்தச் சிறுகதையாசிரியரும் இன்னும் எழுதவில்லையே என்று நாம் எண்ணுவதுண்டு. இலக்கியப் பக்கத்தில் இடைவெளி அப்பொழுதும் எஞ்சியிருந்தது. நல்ல கவிதையும் கதையும் தினகரனில் வந்தன. செய்திப் பக்கத்திலேதான் முதலாளிக்கும் ஆசிரியனுக்கும் இடையிலிருந்த தூரம் அறவே அற்றுப்போயிற்று. பழைய முதலாளி தமிழ்ப் பக்கத்தைப் படிப்பதில்லை. புதிய முதலாளியாகிய அரசாங்கம் ஆள்வைத்துப் படித்தது.

இந்நிலையில் வாசகன் என்ன செய்தான்? அவன் முட்டாளல்லன். பத்திரிகையை வாங்கினான், ஆனால் வேறுவிதமாக வாசித்தான். நூறு பேர் கொல்லப்பட்டனர் என்றால் எந்தப் பக்கத்து நூறு என்று கேட்டான். அறிக்கை மறுத்தால், மறுக்கவேண்டியதொன்று நடந்திருக்கிறது என்று அறிந்துகொண்டான். தொண்ணூறுகளின் முற்பகுதியிலே மின்சாரமும் பற்றரியும் இல்லாத யாழ்ப்பாணத்தில், சைக்கிளைக் கவிழ்த்து நிறுத்தி ஒருவர் மிதியைச் சுற்ற, டைனமோவிலிருந்து வந்த மின்சாரத்தில் வானொலிப் பெட்டி பேச, சுற்றிலும் நின்றோர் பீ.பீ.சி. தமிழோசையைக் கேட்டனர். தம் ஊருக்கு ஐந்து மைல் அப்பால் நடந்ததை அறிவதற்கு இலண்டன்வரை காதை நீட்டவேண்டியிருந்தது. ஒரு நாட்டின் பத்திரிகைகள் வாசகரின் நம்பிக்கையை எவ்வளவு இழந்திருந்தன என்பதற்கு வேறு அளவுகோல் வேண்டியதில்லை. அக்காலத்தில் ஐயமின்றி நம்பப்பட்ட ஒரே பக்கம் மரண அறிவித்தல். அங்கே காசு கட்டி விளம்பரம் கொடுத்தவர் இறந்தவரின் பிள்ளைகள்.

அரசுடைமை இவ்வாறாயின், தனியார் கையிலேயே விட்டுவிடுவோம் என்று கூறுவோருமுளர். இவர்கள் 1964இல் கேட்ட பாட்டையே மீண்டும் பாடுகின்றனர். 2018இல் எல்லைகளற்ற நிருபர்கள் அமைப்பு இலங்கை ஆய்வு நிறுவனமொன்றுடன் சேர்ந்து நம் நாட்டு ஊடக உடைமையை ஆராய்ந்து வெளியிட்டது. பத்திரிகையும் தொலைக்காட்சியும் சில குடும்பங்களின் கையிலே குவிந்திருப்பதும், அக்குடும்பங்கள் அரசியலோடு உறவுபூண்டிருப்பதும் அதில் வெளிப்பட்டன. வங்கி விளம்பரம் கொடுத்தால் வங்கியைப் பற்றிய முறைப்பாடு அச்சேறாது. அரசாங்கம் விளம்பரத்தை நிறுத்தினால் ஆசிரியத் தலையங்கத்தின் குரல் தாழும். பழைய நோய் அப்படியே இருக்கிறது. அதற்கு நாம் கண்ட மருந்து புதிய நோயாயிற்று என்பதற்காகப் பழைய நோயை ஆரோக்கியம் என்று ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை.

நமது நிலைப்பாடு, ஆகவே, ஏரிக்கரையைப் பழைய உடைமையாளரின் வாரிசுகளிடம் திருப்பிக்கொடு என்பதன்று. 1973இல் வாக்களிக்கப்பட்டதைச் செய் என்பதே. பங்குகள் பகிரப்படட்டும், அங்கு வேலைசெய்யும் அச்சுத் தொழிலாளிக்கும் நிருபருக்கும் அதில் இடமிருக்கட்டும், ஆசிரியரை நியமிக்கவும் நீக்கவும் அமைச்சருக்கு இருக்கும் வழி அடைக்கப்படட்டும். இதனைச் செய்யவியலாதென எவரேனும் கூறுவாராயின், 1973இல் அதனைச் சட்டமாக எழுதியவர்கள் என்ன எண்ணி எழுதினார்கள் என்பதை அவரே விளக்கட்டும். பத்திரிகையின் தரத்தை அளக்க நாம் வைத்திருக்கும் கோல் ஒன்றே: தன்னை நடத்துவோனுக்குப் பாதகமான செய்தியை அது கடைசியாக எப்போது வெளியிட்டது? ஏரிக்கரைப் பத்திரிகைகளை அரசாங்கச் செய்தி கொண்டும், தனியார் பத்திரிகைகளை விளம்பரதாரர் செய்தி கொண்டும், யாழ்ப்பாணத்துப் பத்திரிகைகளை அவ்வக்காலத்து ஆயுதம் தாங்கியோரின் செய்தி கொண்டும் அளக்கலாம்.

இந்தக் கோலை நம் சஞ்சிகைகள்மீதும் வைத்துப் பார்க்க வேண்டும். நம்மிடம் விளம்பரமில்லை, முதலாளியில்லை, ஆகவே நாம் சுதந்திரமானவர்கள் என்று பெருமை பேசி வந்திருக்கிறோம். ஆனாற் கட்சி இருந்தது, அணி இருந்தது, தோழமை இருந்தது. 1974இல் தவச அச்சகத்துக்குப் பூட்டு விழுந்தபோது வெளிவந்த முற்போக்குச் சஞ்சிகைகளின் இதழ்களை நூலகங்களிலே தேடியெடுத்து, அதைப் பற்றி எத்தனை வரிகள் எழுதப்பட்டிருக்கின்றன என்று எண்ணிப் பார்க்க விரும்புவோர் பார்க்கலாம். அந்த வேலையை நம் இளைய ஆய்வாளர் எவரேனும் மேற்கொண்டால், கிடைப்பது எதுவாயினும், நம்மைப் போன்ற ஏடுகளே அதனை முதலில் அச்சிடவேண்டும்.

28ஆம் இலக்கச் சட்டமோ சட்டப் புத்தகத்தில் இன்றும் இருக்கிறது. பங்குகள் மக்களைச் சென்றடையும்வரையில் என்ற ஏற்பாடும் அதில் அப்படியே இருக்கிறது.